பிடியை விட்டால் இருக்கை பிடிபடும்

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு இரண்டு நாள் குதிரையேற்றம் கற்கிறேன். குதிரை நடக்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. டிராட்டுக்கு, அதாவது நடையை அடுத்த துள்ளோட்டத்துக்கு, போனதும் உரலில் விழும் உலக்கையைப் போலச் சேணத்தில் இடித்துக்கொண்டே இருக்கிறேன். இடது காலின் அங்கவடி (பாதத்தை ஊன்றும் வளையம்) அடிக்கடி நழுவிவிடுகிறது. இடப்பக்க வட்டத்தில் போகும்போது குதிரை வலப்பக்கமாக வெளியே நகர்ந்துகொண்டே போகிறது. "எடையை இடப்பக்கம் போடுங்கள்" என்று பயிற்சியாளர் சொல்வதைச் செய்தால் இன்னும் மோசமாகிறது. குதிகாலை இறக்குவது, தோளைப் பின்னால் தள்ளுவது, நிமிர்ந்து உட்கார்வது என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். ஆறு மாதங்களுக்கு முன் டிராட்டைவிட வேகமான கேன்டரில் விழுந்ததிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. தொடைக்கு வலுவூட்டும் பயிற்சிகள் செய்தால் சரியாகுமா? அல்லது என் உடல்வாகே இதற்கு ஒத்துவராதா?

– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் அதுதான் இருக்கிறது என்று படுகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944-இல் போலியோவால் தாக்கப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. குதிரையில் ஏறவும் இறங்கவும் இன்னொருவர் துணை வேண்டும். அந்த நிலையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையைத் துல்லியமான அசைவுகளில் நடத்திக்காட்டும் டிரெஸாஜ் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பெண்கள் ஆண்களுக்குச் சமமாக அந்தப் போட்டியில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. 1956-இல் மீண்டும் வெள்ளி. குதிகாலை இறக்கு என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? கணுக்காலைக் கட்டுப்படுத்தும் தசையே வேலை செய்யாதே. அவர் குதிரையின் மேல் அமர்ந்ததும் அதை நடத்தியதும் இடுப்பாலும் முதுகாலும் மூச்சாலும் எடையின் நுட்பமான மாற்றங்களாலும்தான். உங்கள் உடல்வாகு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், நீங்களே சொல்லிக்கொண்டாலும், அதை நம்பாதீர்கள்.

தொடைப் பயிற்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சி எதுவும் வீண் இல்லை. ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது மருந்தாகாது. இரண்டு தொடைகளையும் ஒன்றோடொன்று இறுக்கும் வகைப் பயிற்சிகள் நோயை இன்னும் முற்றவைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, உங்கள் உழைப்பு போதாமல் இல்லை. அளவுக்கு மீறி உழைக்கிறீர்கள். குதிகால், தோள், முதுகு என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக ஓர் இடத்தில் நிறுத்திவைக்கப் பார்க்கிறீர்கள். பிடித்துவைத்த பிள்ளையார் அசையாமல் இருக்கலாம், அது இருக்கும் பீடமும் அசைவதில்லை. உங்கள் பீடம் நான்கு கால்களால் ஓடுகிறது.

டிராட்டில் குதிரையின் கால்கள் மூலைக்கு மூலை இணையாக விழுகின்றன. இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒன்றாக. பிறகு மற்ற இரண்டும். ஒரு சோடி மேலெழும்பி மற்றது தரையைத் தொடுவதற்குள் குதிரை ஒரு கணம் அந்தரத்தில் இருக்கிறது. ஆக, அதன் முதுகு நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முறை உயர்ந்து தாழ்கிறது. அந்த அசைவு உங்கள் உடலுக்குள் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும். இடுப்பு மூட்டும் கீழ்முதுகும் வழிவிட்டால் அங்கே கரைந்துபோகும். வழிவிடாவிட்டால் மொத்த உடலையும் ஒரே கட்டையாகத் தூக்கி எறியும். அதைத்தான் நீங்கள் உலக்கை என்கிறீர்கள்.

தூக்கி எறியப்படும்போது இயல்பாக என்ன செய்வோம்? முழங்காலால் இறுக்கிப் பிடிப்போம். ஈரமான சோப்புக் கட்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். குதிரையின் உடல் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கிறது. இரண்டு முழங்கால்களாலும் நெருக்கினால் நீங்கள் மேல்நோக்கித்தான் பிதுங்கி வருவீர்கள். குதிகால் உயரும், அங்கவடி தளரும், இருக்கை சேணத்தை விட்டுக் கிளம்பும். பிறகு பயம் வரும். பயம் வந்தால் இன்னும் இறுக்குவோம். இரண்டு ஆண்டுகளாக உங்களைச் சுற்றவைப்பது இந்தச் சக்கரம்தான்.

இறுக்கத்தின் இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கையில் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். யாராவது அதில் ஒரு பூவைப் போட்டால் எடை கூடியது உங்களுக்குத் தெரியாது. அதே பூவை வெறும் உள்ளங்கையில் வைத்தால் உடனே தெரியும். நம் புலன்களின் இயல்பே இது: ஏற்கெனவே செலவாகும் முயற்சி பெரிதாக இருந்தால், சிறிய மாற்றம் அதில் மூழ்கிப்போகும். தொடை, வயிறு, தோள் மூன்றும் முழு விசையில் இறுகியிருக்கும்போது உங்களுக்குக் கீழே குதிரை என்ன செய்கிறது என்பது உங்களை எட்டுவதே இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும் உயிர் அது. உங்கள் ஒவ்வோர் அசைவும் அதற்குக் கேட்கிறது. அதன் அசைவு உங்களுக்குக் கேட்பதில்லை. உரையாடல் ஒருவழிப் பாதையாகிவிட்டது.

ஆகவே முதலில் திருத்தம் வேண்டாம். உணர்தல் மட்டும் போதும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் மாணவர்களிடம் குறையைக் கண்டதும் அதைத் திருத்தும் கட்டளையைத்தான் சொல்வேன். பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது: தான் இப்போது என்ன செய்கிறோம் என்று தெரியாதவரால் வேறொன்றைச் செய்ய முடியாது. அவர் செய்வதன் மேல் இன்னொன்றைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

ஃபிரடெரிக் மத்தாயஸ் அலெக்சாண்டர் என்ற மேடை நடிகர் 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் பேசும்போது குரல் கம்மிப்போவதற்குக் காரணம் தேடி, கண்ணாடிகள் முன் நின்று தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்துவதைக் கண்டார். சரி, தலையை முன்னே கொண்டுவரலாம் என்று முயன்றார். கொண்டுவந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. ஆனால் கண்ணாடியில் தலை இன்னமும் பின்னால்தான் இருந்தது. நெடுநாள் பழகிய கோணல் உடலுக்கு நேர் என்றே தோன்றும். உண்மையான நேர் கோணலாகத் தோன்றும். "நேராக உட்கார்" என்ற கட்டளை பலரிடம் பலிக்காமல் போவது இதனால்தான். நீங்கள் கீழ்ப்படியாமல் இல்லை. உங்கள் அளவுகோலே சற்றுச் சாய்ந்திருக்கிறது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு எடைபார்க்கும் கருவிகளை அருகருகே வைத்து, ஒன்றில் ஒரு காலாக ஏறி நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் எடையைச் சமமாக்குங்கள். சமமாகிவிட்டது என்று உறுதியாகத் தோன்றியதும் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். சில கிலோ வித்தியாசம் காட்டினால் மனம் தளராதீர்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் காட்டும்.

இப்போது உங்கள் இடப்பக்கத்துக்கு வருகிறேன். அங்கவடி நழுவுவது, குதிரை வலப்பக்கம் போவது, இடப்பக்கம் எடை போட்டால் மோசமாவது ஆகிய மூன்றும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள் என்று நினைக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் சொல்வதால், நீங்களே சரிபார்க்க ஒரு வழியும் சொல்கிறேன்.

மெத்தை இல்லாத மர நாற்காலியில் விளிம்பருகே உட்காருங்கள். பாதங்கள் தரையில் இருக்கட்டும். உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி இரண்டு கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்தால், இரண்டு பக்கமும் குமிழ் போன்ற எலும்பு கையில் அழுந்தும். அவைதான் உட்காரும் எலும்புகள். சேணத்தின் வழியாகக் குதிரை உங்களை அறிவது முக்கியமாக இந்த இரண்டால்தான். இப்போது இடப்பக்கம் சாயுங்கள், ஆனால் இரண்டு விதமாக. முதல் முறை, விலா முதல் இடுப்பு வரை நீளம் குறையாமல், கப்பலின் பாய்மரம் சாய்வதைப் போல மொத்தமாகச் சாயுங்கள். இடது கையில் அழுத்தம் கூடும். இரண்டாம் முறை, இடது இடையை மடித்து, இடது தோளை இடுப்பை நோக்கி இறக்குங்கள். கவனித்துக்கொண்டே இருங்கள். இடுப்பு வலப்பக்கம் வழுக்குகிறது, அழுத்தம் வலது கையில் கூடுகிறது. தலையும் தோளும் இடப்பக்கம் இருக்க, எடை வலப்பக்கம் போய்விட்டது.

குதிரையின் மேல் நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வகை என்பது என் ஊகம். இடது இடை மடியும்போது இடது கால் மேலிழுக்கப்பட்டுக் குட்டையாகிறது, அங்கவடி நழுவுகிறது. எடை வலது எலும்பில் இறங்குகிறது. தலையில் சுமையோடு நடப்பவர் சுமை சாயும் பக்கம் அடியெடுத்து வைப்பதைப் போலக் குதிரையும் எடை இருக்கும் பக்கம் போகிறது. அது பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் கேட்கிறது. "இடப்பக்கம் எடை போடு" என்றதும் நீங்கள் தோளைச் சாய்க்கிறீர்கள். இடை இன்னும் மடிகிறது, எடை இன்னும் வலப்பக்கம் போகிறது. பயிற்சியாளர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சொல் உங்கள் உடலுக்குப் போய்ச் சேரும்போது வேறொன்றாகிவிடுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது மிகச் சிறியது. இடது கையின் கட்டைவிரலைக் கடைசி விலா எலும்பிலும் சுட்டுவிரலை இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் வையுங்கள். இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது? வலப்பக்கமும் அப்படியே அளந்து பாருங்கள். பிறகு, குறையை வேண்டுமென்றே பெரிதாக்குங்கள்: இடது இடையை நன்றாக மடியுங்கள், மெதுவாக விடுங்கள். எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறிப் போங்கள், திரும்புங்கள். கடைசியில் நடுவில் ஓர் இடத்தில் மூச்சு தானாக ஆழமாகப் போகும். அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறையைத் தெரிந்தே செய்யக் கற்றுக்கொண்டவருக்குத்தான் அதைச் செய்யாமல் இருக்கவும் முடியும் என்பது என் அனுபவம். நடக்கும் குதிரையின் மேல் இதே விரல் அளவை வட்டம் போகும்போது செய்யுங்கள்; கடிவாள வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டால் போதும்.

இதை நம்பி வேலையைத் தொடங்குமுன் சேணத்தைப் பாருங்கள். நாம் வழக்கமாகக் குதிரையின் இடப்பக்கத்திலிருந்து ஏறுகிறோம். ஒவ்வொரு முறையும் முழு எடையும் இடது அங்கவடியின் தோல் வாரில் தொங்குகிறது. நாளடைவில் அந்த வார் நீண்டுவிடும். துளைகளை எண்ணிப் பார்த்தால் தெரியாது. இரண்டு வார்களையும் கழற்றி அருகருகே தொங்கவிட்டுப் பாருங்கள். இடது வார் நீண்டிருந்தால் உங்கள் அங்கவடிச் சிக்கலில் பாதி அங்கேயே இருக்கலாம். வார்களை அவ்வப்போது இடம் மாற்றுங்கள், ஏறுவதற்கு மேடையைப் பயன்படுத்துங்கள். அது குதிரையின் முதுகுக்கும் நல்லது. சேணத்தைப் பின்னாலிருந்து பார்த்து அது ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அதே குதிரையில் வேறொருவர் ஏறினாலும் அது வலப்பக்கமே போகிறதா? அப்படியானால் குதிரையின் கோணலும் இதில் பங்கு கொள்கிறது. மனிதரைப் போலவே குதிரைக்கும் வசதியான பக்கம் ஒன்று உண்டு.

அடுத்து, இடுப்பு மூட்டு. உங்கள் இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலானோர் இடையில் பெல்ட் கட்டும் இடத்தைத் தொடுகிறார்கள். அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. மூட்டு அதைவிட நன்றாகக் கீழே, தொடையும் வயிறும் சேரும் மடிப்பின் நடுவில், ஆழத்தில் இருக்கிறது. நின்றபடி ஒரு முழங்காலைத் தூக்குங்கள். மடிப்பு விழும் இடத்தில் விரலை அழுத்துங்கள். இதைப் பெயர் தெரியும் விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டு மேலே இருப்பதாக மனம் நம்பினால், குதிரை அசையும்போது உடல் அந்த இடத்தில்தான் மடியப் பார்க்கும். அதாவது கீழ்முதுகு மடியும், உண்மையான மூட்டு பூட்டிக்கிடக்கும். இடம் எது என்று தெரிந்துகொண்ட அன்றே டிராட் மென்மையான மாணவர்கள் எனக்கு உண்டு.

கிரேக்கத்தின் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்: குதிரை மேல் நாற்காலியில் அமர்வதைப் போல அமரக்கூடாது, கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவரைப் போல அமரவேண்டும் என்பது அவர் கருத்து. அவர் காலத்து கிரேக்கர்களுக்கு அங்கவடியே கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். தொங்குவதற்கு எதுவும் இல்லாதபோது உடல் தன் எடையின் மேல் நிற்கக் கற்றுக்கொள்கிறது. உங்களுக்கு அடியிலிருந்து குதிரை திடீரென மறைந்துவிட்டால் நீங்கள் பாதங்களில் நிற்பீர்களா, பின்பக்கமாக விழுவீர்களா? காது, தோள், இடுப்பு மூட்டு, குதிகால் நான்கும் ஒரு தூக்குக் குண்டின் நூலில் வந்தால் நிற்பீர்கள். குதிகாலை வலிந்து அழுத்தினால் பாதம் முன்னால் போகும், கணுக்கால் இறுகும், அந்த இறுக்கம் முழங்கால் வழியாக இடுப்பு வரை ஏறும். நாற்காலி இருக்கைதான் கிடைக்கும். குதிகால் தாழ்வது ஒரு விளைவு. தொடை தளர்ந்து எடை கீழே வடியும்போது அது தானாகத் தாழும்.

இனி குதிரையின் மேல். உங்கள் பயிற்சியாளரிடம் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்தை எனக்குத் தாருங்கள் என்று கேளுங்கள். சாதுவான, வயது முதிர்ந்த குதிரை ஒன்றை ஒருவர் கையில் பிடித்து நடத்தட்டும். தலைக்கவசம் அணிந்து, குதிரையின் கழுத்தில் ஒரு வாரைக் கட்டி அதில் இரண்டு விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு என்று தோன்றினால் கண்ணை மூடுங்கள். நடையில் நான்கு கால்களும் தனித்தனியாக விழுகின்றன: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். இடது பின்னங்கால் தரையை விட்டு முன்னே வீசும்போது வயிறு வலப்பக்கம் ஊசலாடுகிறது, முதுகின் இடப்பக்கம் சற்றுத் தாழ்கிறது. உங்கள் இடது உட்காரும் எலும்பும் அதோடு தாழும். தாழும்போது "இடது" என்றும் அடுத்தது தாழும்போது "வலது" என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குதிரையை நடத்துபவர் பின்னங்காலைப் பார்த்துச் சரியா என்று சொல்லட்டும்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறார். அவரும் விழுந்து எழுந்தவர். கைகள் எப்போதும் முறுக்கேறியிருக்கும். முதல் நாள் ஏழெட்டு நிமிடம் அவர் சொன்ன இடதும் வலதும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஊகித்துச் சொல்வது குரலிலேயே தெரிந்தது. நான் எதையும் திருத்தவில்லை. தொடையை முடிந்தவரை இறுக்குங்கள், மூன்று எண்ணி விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது முறை விட்டபோது முழங்கால் குதிரையின் பக்கவாட்டில் விரலளவு கீழே இறங்கியது. உடனே வார்த்தை நின்றுவிட்டது. நாலைந்து அடிகள் மௌனமாகப் போனோம். பிறகு மிக மெதுவாக, தனக்குத்தானே சொல்வதைப் போல, "இடது... வலது... இடது" என்றார். மூன்றும் பின்னங்காலோடு அச்சாகப் பொருந்தின. அதுவரை காதுகளைப் பின்னோக்கி வைத்திருந்த குதிரை கழுத்தைத் தாழ்த்தி நீளமாக மூக்கைச் சிந்தியது. அந்த அம்மாள் அழுதுவிட்டார். அன்று அதற்கு மேல் எதையும் செய்யவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த உணர்வு நடையில் உறுதிப்படும் வரை டிராட்டில் உட்கார முயலவேண்டாம். ஓர் அடிக்குச் சேணத்திலிருந்து எழுந்து அடுத்த அடிக்கு அமரும் டிராட்டை மட்டும் செய்யுங்கள். உறுதிப்பட்ட பிறகு, நீளக் கயிற்றில் குதிரையைப் பயிற்சியாளர் வட்டமாக ஓட்ட, மெதுவான டிராட்டில் எட்டு அடிகள் மட்டும் உட்காருங்கள். ஒன்பதாவது அடிக்கு முன் நடைக்கு வந்துவிடுங்கள். எட்டு அடிகள் நன்றாக அமைந்தால் உடல் அதை நினைவில் கொள்கிறது. எண்பது அடிகள் இடித்துக்கொண்டே போனால் அந்த இடிபாட்டையும் நினைவில் கொள்கிறது. வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளி 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்குகிறது. அங்கே புதிதாகச் சேர்பவர்கள் இன்றும் மாதக்கணக்கில் இந்த நீளக் கயிற்றில்தான், அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் உட்காரப் பழகுகிறார்கள். உலகின் ஆகச்சிறந்த குதிரையேற்றக்காரர்களாகப் போகிறவர்களுக்கே மாதங்கள் தேவைப்படும்போது, வாரம் இருமுறை வரும் உங்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைகூடவில்லை என்று வருந்துவது நியாயமா? ஆனால் நீங்கள் இப்போதே அங்கவடியை விடவேண்டாம். பயம் இருக்கும் உடல் அங்கவடி இல்லாவிட்டால் முழங்காலால்தான் பிடிக்கும்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராட்டுக்குள் போகும் அந்தக் கணத்தில் நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். பெரும்பாலும் பிடிப்போம். மூச்சு நின்றால் உதரவிதானம் இறுகும். அதனோடு இடுப்பின் ஆழத்துத் தசைகளும் இறுகும். நடையை மாற்றும் கட்டளையை மூச்சை வெளிவிட்டுக்கொண்டே கொடுங்கள். டிராட்டில் வாய்விட்டு எண்ணுங்கள், அல்லது பாடுங்கள்; பாடும் ஒருவரால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. கண்ணையும் கவனியுங்கள். குதிரையின் கழுத்தையே வெறித்துப் பார்த்தால் நாலைந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் சரிகிறது, அதை ஈடுகட்ட முதுகு வளைகிறது. எதிரே தொலைவில் ஒன்றைப் பார்த்தபடி, இரண்டு ஓரங்களிலும் என்ன தெரிகிறது என்றும் கவனத்தை அகட்டுங்கள். அமெரிக்காவின் குதிரையேற்ற ஆசிரியர் ஸாலி ஸ்விஃப்ட், குழந்தைப் பருவத்திலேயே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர், மென்மையான பார்வை என்று இதைக் கற்பித்தார். பார்வை அகன்றதும் தோள்கள் இறங்குவதை உடனே உணர்வீர்கள்.

பயத்தைப் பற்றிக் கடைசியில் எழுதினாலும் அதைச் சிறிதாக நினைக்கவில்லை. விழுந்த உடல் அடுத்த முறை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருள்கிறது: முழங்கால் மேலே ஏறும், தோள் முன்னே குவியும், பார்வை தரைக்குப் போகும். சுருண்டிருக்கும் உடலில் சமநிலை இருக்காது. ஆனால் அது உங்கள் கோழைத்தனம் இல்லை. உங்களைக் காப்பாற்ற உடல் செய்யும் காரியம். தைரியமாக இரு என்று அதட்டினால் அது அடங்காது. கேன்டர் இப்போதைக்கு வேண்டாம். யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பின்னர் தொடங்கும்போது, நீளக் கயிற்றில், கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு, அரை வட்டம் மட்டும் போகலாம். விழுந்தபோது தலை அடிபட்டிருந்தால் அந்தத் தலைக்கவசத்தை மாற்றிவிட்டீர்களா? வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. விழுந்ததிலிருந்து முதுகிலோ இடுப்பிலோ வலி தொடர்ந்தால் நான் சொன்ன எதையும் செய்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இடது இடை மடிவதற்கு அந்த வலியே காரணமாகவும் இருக்கலாம்.

பயிற்சியாளரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். கட்டளைக்குப் பதிலாக அவ்வப்போது ஒரு கேள்வி கேட்கும்படி சொல்லுங்கள்: "இப்போது எந்த எலும்பில் எடை அதிகம்?" அவர் வெளியிலிருந்து பார்ப்பதும் நீங்கள் உள்ளிருந்து உணர்வதும் பொருந்துகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பொருந்தாத இடங்கள்தான் உங்களுக்கு மிகவும் பயன்படும்; அவற்றை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாற்காலிப் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். களைத்த உடல் நுட்பத்தை உணராது.

அடுத்த வகுப்பில் குதிரை இடப்பக்க வட்டத்தில் வலப்பக்கம் நகரத் தொடங்கும்போது கடிவாள வாரைத் தொடாதீர்கள், தோளைச் சாய்க்காதீர்கள். மூச்சை விட்டபடி இடது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே விரலளவு இடம் உண்டாக்குங்கள். இடது தொடையைத் தொங்கவிடுங்கள். பிறகு நாலைந்து அடிகள் பொறுத்திருந்து, குதிரை என்ன செய்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.